மெஷின் ஒன்று, உயரம் வேறு: ஒரு வாட்ச் பாகத்தை ஏஐ உதவியோடு தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில் இருக்கும் சிறிய வாட்ச் கடையில் நடந்தது இது. கடைக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊரில் எல்லாருக்கும் அவர் "பாய்". எச்எம்டி சாவி வாட்ச்கள் கல்யாணச் சீராகப் போன காலத்தில் தொழில் கற்றவர். மகன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டுக் கடைக்கே வந்துவிட்டார். இப்போது அலமாரியில் பாதி மொபைல் கவர்களும் சார்ஜர்களும்தான். வாட்ச் வேலையில் பேட்டரி மாற்றுவதும் ஸ்ட்ராப் மாற்றுவதும் போக, பழைய மெக்கானிக்கல் வாட்ச் எப்போதாவது ஒன்று வரும்.

நான் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளன். பொழுதுபோக்காக வாட்ச் சர்வீஸ் பழகுகிறவன். இந்த வேலை நடந்தபோது பெரும்பாலும் கூடவே இருந்தேன். எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு மூவரும் சம்மதித்தார்கள், பெயர் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு.

வாட்ச்சின் உரிமையாளர் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். 1990களில் கம்பெனி கொடுத்த நினைவுப் பரிசு அது. சுவிஸ் தயாரிப்பு, சாவி கொடுக்காமல் கை அசைவிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக். டயலில் மூன்று மணி இடத்தில் கிழமையும் தேதியும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் தெரியும். பின்மூடியில் கம்பெனி பெயரும் அவர் பெயரும் வெட்டியிருந்தது.

"ஓடுது பாய், நிக்கவே இல்ல. ஆனா சாயங்காலம் பார்த்தா கால் மணி லேட்டு. சில நாள் சரியாவும் இருக்கு" என்றார். வேறொரு கடையில் ஏற்கெனவே சர்வீஸ் செய்து வாங்கியும் அதே கதை.

வந்தபோது கண்டது

முதலில் டைமிங் மெஷினில், அதாவது வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் சாதனத்தில், வைத்தார்கள். மணிக்கு 28,800 அடிப்பு. நாளுக்குச் சில நொடிகள் முந்துகிறது. இடமும் வலமும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு 270 பாகைக்குப் பக்கம். இந்த வயதுள்ள வாட்ச்சுக்கு இது நல்ல நிலைதான். இப்படி ஓடும் மெஷின் (வாட்ச்சுக்குள் இருக்கும் ஓட்டப் பகுதியைத்தான் இந்தத் தொழிலில் அப்படிச் சொல்வார்கள்) ஒரு நாளில் கால் மணி நேரம் பிந்துவதற்கு வழியே இல்லை.

பாய் அடுத்துச் செய்தது சின்ன வேலை, ஆனால் முழு வழக்குக்கும் அதுதான் திறவுகோல். செல்போன் கடிகாரத்தைப் பார்த்து மூன்று முள்களையும் சரியாக வைத்துவிட்டு மேசையில் விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் செகண்டு முள் போனோடு அப்படியே ஒத்துப்போகிறது. பெரிய முள் மட்டும் பதினோரு நிமிடம் பின்னால் நிற்கிறது.

இந்த மெஷினில் செகண்டு முள் பற்சக்கரத் தொடரிலேயே நேராக உட்கார்ந்திருக்கும். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் டயலுக்கு அடியில் இருக்கும் கேனன் பினியன் என்ற சிறு குழல் வழியாக ஓட்டம் வாங்கும். அந்தப் பினியன் தன்னை ஓட்டும் சக்கரத்தோடு உராய்வுப் பிடியில்தான் சேர்ந்திருக்கிறது. நாம் சாவியை இழுத்து மணி வைக்கும்போது பற்சக்கரத் தொடரைத் தொந்தரவு செய்யாமல் முள் மட்டும் சுழல்வது அந்தப் பிடி வழுக்கிக் கொடுப்பதால்தான். அந்தப் பிடி தேய்ந்துவிட்டால் நாம் திருப்பாதபோதும் வழுக்கும். செகண்டு முள் ஓடும், பெரிய முள் பின்தங்கும். மணி வைக்கும்போது சாவி வெண்ணெயில் சுற்றுவது போலப் போனதையும் பாய் கவனித்திருந்தார்.

இதற்கிடையில் மகன் தன் போனில் உள்ள ஏஐ உரையாடல் கருவியிடம் "ஆட்டோமேட்டிக் வாட்ச் சாயங்காலத்துக்குள் பதினைந்து நிமிடம் பிந்துகிறது, ஏன்?" என்று கேட்டிருந்தார். காந்தம் ஏறியிருக்கலாம், எண்ணெய் காய்ந்திருக்கலாம், பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் ஒட்டியிருக்கலாம், கை அசைவு போதாமல் இருக்கலாம் என்று வரிசையாக வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தப்பில்லை. இந்த வாட்ச்சுக்கு ஒன்றும் பொருந்தவும் இல்லை. செகண்டு முள் சரியாக இருக்கிறது, பெரிய முள் மட்டும் பிந்துகிறது என்று சேர்த்துக் கேட்டதும் முதல் வரியிலேயே கேனன் பினியன் என்றது. அந்த ஒரு தகவலைக் கண்டுபிடித்தது மேசையில் விட்டுப் பார்த்த மனிதர். அது கையில் இருந்தால் பதிலும் ஏறக்குறையக் கையில் இருக்கிறது.

மெஷினை அடையாளம் காணுதல்

பாகம் மாற்ற வேண்டுமென்றால் மெஷின் எது என்று தெரிய வேண்டும். டயலில் இருக்கும் பெயர் இதற்குப் பெரும்பாலும் உதவாது. சுவிஸ் கம்பெனிகளில் நிறையப் பேர் மெஷினை வெளியில் வாங்கித் தங்கள் கூட்டில் வைப்பவர்கள்.

மகன் பின்மூடியைத் திறந்து படம் எடுத்தார். மூடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் எடுத்தார். வாடிக்கையாளர் பெயரும் கம்பெனி பெயரும் வெட்டிய மூடியை எங்கோ இருக்கும் சர்வருக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்றார். இந்தப் பழக்கத்தை மற்றக் கடைக்காரர்களும் பிடித்துக்கொள்ளலாம்.

படத்தைப் பார்த்த கருவி, "இது ஈடிஏ 2824-2" என்றது. காரணங்களும் சொன்னது: கை அசைவில் சுழலும் ரோட்டர் தட்டின் வடிவம், பால்பேரிங், பிரிட்ஜ்களின் எல்லைக்கோடு, பேலன்ஸ் பக்கத்து ரெகுலேட்டர். எல்லாமே படத்தில் இருப்பவைதான்.

ஸ்வாட்ச் குழுமத்தின் ஈடிஏ நிறுவனத்து 2824-2 உலகத்தில் மிகப் பரவலாகப் புழங்கும் ஆட்டோமேட்டிக் மெஷின்களில் ஒன்று. விட்டம் 25.6 மி.மீ., உயரம் 4.6 மி.மீ., அச்சுகளைத் தாங்கும் கல் 25, தேதி மட்டும் காட்டும். அதோடு கிழமையும் சேர்ந்தால் 2836-2. விட்டமும் கல்லும் அடிப்பும் ஒன்றே; உயரம் மட்டும் 5.05 மி.மீ. கிழமைத் தட்டும் அதைத் திருப்பும் சாமான்களும் டயல் பக்கத்தில் உட்கார்வதால் வரும் உயரம் அது. உள்ளே வெட்டியிருக்கும் எண்ணைப் படிக்காமல், பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். கருவிக்குக் காட்டியதோ பின்பக்கம் மட்டும். டயலில் கிழமை இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை.

இங்கே எனக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு. அனுபவமுள்ள மெக்கானிக்காக இருந்தால் "முன்பக்கம் காட்டு" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். கருவி தன் கையில் இருப்பதை வைத்து முழுப் பதில் சொல்லிவிடுகிறது. எது குறைகிறது என்று கேட்கும் பழக்கம் அதற்குக் குறைவு.

முதல் ஆர்டர்

சுவிஸ் மெஷின் பாகங்களுக்கு வேலையின்படி ஒரு பொது எண் உண்டு. சாவித்தண்டு எந்த மெஷினாக இருந்தாலும் 401, பேலன்ஸ் அச்சு 723, மெயின் ஸ்பிரிங் 771. ஓட்டும் சக்கரத்தோடு சேர்ந்த கேனன் பினியனுக்கு 242. மெஷின் எண்ணையும் இந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால் உலகின் எந்த மூலையில் உள்ள பாகக் கடைக்கும் புரியும்.

கருவி 242 என்பதைச் சரியாகச் சொன்னது. அதோடு நிற்காமல், கடைகளில் பாகம் விற்கும் எண் என்று நீளமான ஒரு வணிக எண்ணும் கொடுத்தது. கடையில் யாருக்கும் அந்த எண்ணைச் சரிபார்க்க வழி தெரியவில்லை. அப்புறம் மகனுக்கே சந்தேகம் வந்து, "இதில் கிழமையும் காட்டுது, பரவாயில்லையா?" என்று கேட்டார். "அப்படியானால் இது 2836-2. இரண்டும் ஒரே குடும்பம், பாகங்கள் பொதுவானவை, இதே பாகம் பொருந்தும்" என்று பதில் வந்தது.

இதில் முதல் பாதி உண்மை. பற்சக்கரத் தொடர், பேலன்ஸ், ஆட்டோமேட்டிக் பகுதி எல்லாம் இரண்டுக்கும் பெரும்பாலும் பொதுதான். டயல் பக்கம் அப்படியில்லை. கேனன் பினியன் இருப்பதோ டயல் பக்கத்தில்.

ஆன்லைன் கடை ஒன்றில் "2824-2, 242" என்று போட்டிருந்த பாகத்தை மகன் வாங்கினார். பாய் தடுக்கவில்லை. "சின்னக் காசுதானே, வரட்டும் பாப்போம்" என்றார். காத்திருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொன்னார்கள். அவருக்கு அவசரம் இல்லை.

பாகம் வந்ததும்

கவர் வந்த அன்று பாய் உடனே பொருத்தவில்லை. முள்களையும் டயலையும் கழற்றி, கிழமைத் தட்டை எடுத்து, பழைய கேனன் பினியனை வெளியே எடுத்தார். உராய்வுப் பிடி இருக்கும் இடத்தில் கிரீஸ் துளிகூட இல்லை. காய்ந்துபோய்ப் பழுப்புப் பொடி ஒட்டியிருந்தது. சக்கரத்தை ட்வீசரால் பிடித்துக்கொண்டு பினியனைத் தட்டினால் தானாகச் சுழன்றது. நோய் அதுதான் என்பதில் இனிச் சந்தேகமில்லை.

பழையதையும் புதியதையும் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். ஐகிளாஸ் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி) இல்லாமலே தெரிந்தது: புதியது குட்டை. சக்கரத்தின் விட்டம், பற்கள், நடுத்துளை எல்லாம் ஒன்றுபோலவே. மேலே நீளும் குழல் மட்டும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குறைவு.

அரை மில்லிமீட்டர் என்றால் என்ன ஆகும்? கிழமைத் தட்டும் அதற்கு மேல் டயலும் வந்து உட்கார்ந்த பிறகு, சின்ன முள் ஏறும் ஹவர் வீலின் குழலுக்கு மேலே பெரிய முள்ளைப் பிடிக்கக் கேனன் பினியனின் நுனி வெளியே தெரிய வேண்டும். இந்தக் குட்டைப் பினியனைப் போட்டால் பெரிய முள் உட்கார இடமே இருக்காது. அழுத்தி உட்கார வைத்தால் இரண்டு முள்களும் உரசும். ஓட்டம் நின்று நின்று போகும். அதை வேறு ஏதோ நோய் என்று இன்னொரு கடைக்காரர் தேடிக்கொண்டிருப்பார்.

பழைய பினியனையே இறுக்கிப் பார்க்கலாமா என்ற பேச்சும் வந்தது. எச்எம்டி போன்ற பழைய அமைப்பில் கேனன் பினியன் ஒற்றைக் குழல். இடுக்கியால் பக்கவாட்டில் லேசாக அமுக்கி இறுக்குவது இந்தத் தொழிலில் சாதாரண வேலை. பாய் அதை ஆயிரம் முறை செய்திருப்பார். இதில் குழலும் சக்கரமும் இரண்டு துண்டு, பிடி அவற்றுக்கு நடுவில் இருக்கிறது. அமுக்கினால் சக்கரம் கோணலாகி ஆட்டம் கண்டுவிடும் என்று வேண்டாமென்றார். வாடிக்கையாளரின் பொருளை வைத்துப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை என்பதும் அவர் சொன்ன காரணம்.

மறுபடி முதலிலிருந்து

இந்தமுறை வேலையை மாற்றிச் செய்தார்கள்.

முதலில் மெஷின் எண்ணை மெஷினிடமே கேட்பது என்று முடிவானது. ஈடிஏ மெஷின்களில் நிறுவன முத்திரையும் மெஷின் எண்ணும் பேலன்ஸ் சக்கரத்துக்குக் கீழே அடித்தட்டில் வெட்டியிருக்கும். போன் பிளாஷ் போட்டு எடுத்தால் உலோகம் மின்னி எழுத்து கரைந்துவிடும். முதல் படத்தைக் கருவி "2834-2" என்று படித்தது. அப்படியும் ஒரு மெஷின் உண்டு. அதிலும் கிழமை, தேதி எல்லாம் உண்டு. அதன் விட்டம் 29 மி.மீ. பாய் வெர்னியரை வைத்தார். 26 கூடத் தாண்டவில்லை. 2834-2 அங்கேயே தள்ளுபடி.

அப்புறம் பிளாஷை அணைத்துவிட்டு, சின்ன டார்ச்சை மேசை மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுத்தார்கள். வெட்டு எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தது. கருவி "2836-2" என்றது. ஐகிளாஸ் வழியாக மூவரும் அதையே படித்தோம். பழைய மெஷின்களில் தேய்ந்த முத்திரை படிக்க இந்த வெளிச்சம் ஒன்று போதும். இதற்கு ஏஐ தேவைகூட இல்லை, ஆனால் மங்கிய எழுத்துக்கு இரண்டாவது ஜோடிக் கண்ணாக அது உதவத்தான் செய்தது.

அடுத்து, கேட்கும் கேள்வியை மாற்றினார்கள். எந்தப் பாகம் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, "2836-2 மெஷினுக்கே வாங்கினாலும் 242 பாகம் ஒன்றுக்கொன்று எந்தெந்த விதத்தில் வேறுபடலாம், வாங்குவதற்கு முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?" என்று கேட்டார் மகன். அந்தப் பதில் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒரே மெஷினை வாட்ச் கம்பெனிகள் வெவ்வேறு கனமுள்ள டயலோடு பயன்படுத்துவதால், முள் உட்காரும் உயரத்தைப் பல அளவுகளில் செய்கிறார்கள். அவற்றை எச் என்ற எழுத்தோடு எண் சேர்த்துக் குறிப்பார்கள். கேனன் பினியன், ஹவர் வீல், செகண்டு முள் ஏறும் பினியன் மூன்றும் ஒரே உயர வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஆகவே பழைய பாகத்தின் மொத்த உயரத்தை அளந்து நிறுவன அட்டவணையோடு ஒப்பிடுங்கள் என்றது. பாய் கேட்டுவிட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். முதலில் யாரும் அதைக் கேட்கவில்லை.

மைக்ரோமீட்டரில் பழைய பினியனை அளந்தார்கள். ஒருமுறை அளந்து நம்பவில்லை. எடுத்து, துடைத்து, மறுபடி வைத்து ஒரே எண் வரும்வரை பார்த்தார்கள். கிராஃப் தாளில் வைத்துப் பக்கவாட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாள் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஜெர்மனும் கலந்தது. பெட்டி பெட்டியாக எண்கள். பாய்க்கு ஆங்கில எழுத்து கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். மகன் அந்தப் பக்கத்தைக் கருவியிடம் கொடுத்து ஒவ்வொரு தலைப்பும் தமிழில் என்ன என்று கேட்டார். இந்த இடத்தில் நேரம் நிறைய மிச்சமானது. எது டயலிலிருந்து அளந்தது, எது அடித்தட்டிலிருந்து அளந்தது என்ற வித்தியாசம் தெளிவானதும் இங்கேதான்.

ஆனால் அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துத் தரச் சொன்னபோது கருவி ஒரு வரிசை தள்ளிப் படித்தது. பக்கத்துப் பெட்டியின் எண்ணை நம் பெட்டியின் எண்ணாகச் சொன்னது. மகன் திரையில் ஸ்கேலை வைத்து வரிசையைப் பிடித்துப் பார்த்ததால் தெரிந்தது. தலைப்புகளை மொழிபெயர்க்க அதை நம்பலாம், பெட்டிக்குள் இருக்கும் எண்ணை நாமே படிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

முதலில் அது கொடுத்த நீளமான வணிக எண்ணையும் சோதித்தார்கள். புதிய உரையாடல் ஒன்றைத் தொடங்கி அதே கேள்வியைக் கேட்டால் வேறொரு எண் வந்தது. இரண்டும் பார்ப்பதற்கு அசல் போலவே இருந்தன. கேட்கும்போதெல்லாம் மாறும் எண்ணை நம்ப முடியாது. இரண்டு முறையும் ஒரே எண் வந்திருந்தால் சரி என்று ஆகிவிடாது. மாறியதால் அதை நம்பி வாங்கக் கூடாது என்று மட்டும் உறுதியானது.

இரண்டாவது ஆர்டர்

சென்னையில் பாய் பல வருடமாகப் பாகம் வாங்கும் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார்கள். "2836-2, 242 இருக்கா?" என்றதும் எதிர்முனையில் வந்த முதல் வார்த்தை: "எந்த ஹைட்டு?"

அளவைச் சொன்னார்கள். தேடிப் பார்த்துவிட்டு, அந்த உயரத்தில் பழைய ஈடிஏ கவர் ஒன்று கிடக்கிறது என்றார். அது இல்லையென்றால் செல்லிட்டா எஸ்டபிள்யூ220-1 பாகம் தரட்டுமா என்றும் கேட்டார். செல்லிட்டா இதே அமைப்பில் செய்யும் கிழமை-தேதி மெஷின் அது. பல பாகங்கள் ஒத்துப்போகும். ஈடிஏ பாகமே கைவசம் இருக்கும்போது இன்னொரு நிறுவனத்தின் உயர அட்டவணையையும் சரிபார்க்கும் வேலை எதற்கு என்று பாய் பழைய கவரையே கேட்டார். கூரியரில் அனுப்புவதற்கு முன் பாகத்தை மைக்ரோமீட்டரில் வைத்து அளவோடு போட்டோ அனுப்பச் சொன்னார்கள். வியாபாரி அலுத்துக்கொண்டே அனுப்பினார். ஒத்துப்போனது.

பொருத்தியதும் விளைவும்

புதிய பினியனின் பிடியில் கிரீஸ் வைத்து, பழையதன் இடத்தில் பொருத்தினார் பாய். கிழமைத் தட்டு, டயல், முள்கள் ஏறின. முள் ஏற்றிய பிறகு மெஷினைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பார்த்தார். சின்ன முள்ளுக்கும் பெரிய முள்ளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா, பெரிய முள்ளுக்கும் செகண்டு முள்ளுக்கும் நடுவில் தெரிகிறதா என்று. மூன்று முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நேரத்துக்குத் திருப்பி மறுபடி பார்த்தார். உரசல் இல்லை. நடுராத்திரி கிழமையும் தேதியும் மாறும் நேரத்தில் சுமை கூடும், பிடி வழுக்குவதானால் அப்போதுதான் வழுக்கும் என்பதால் அந்த நேரத்தையும் கையால் திருப்பிச் சோதித்தார். மணி வைக்கும்போது சாவியில் இப்போது ஒரு சீரான எதிர்ப்பு கைக்குத் தெரிந்தது.

கடையிலேயே பல நாள் வைத்துத் தினமும் போனோடு ஒப்பிட்டார்கள். செகண்டு முள்ளும் பெரிய முள்ளும் சேர்ந்தே போயின. வாடிக்கையாளர் வந்து வாங்கிக்கொண்டார். பிறகும் ஒருமுறை அந்தப் பக்கம் வந்தபோது, லேட் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோட்டர் சுழலும்போது லேசான இரைச்சல் இருந்தது. பால்பேரிங் தேய ஆரம்பித்திருக்கலாம். அவரிடம் சொன்னார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்றார், விட்டுவிட்டார்கள். முதல் ஆர்டரில் வந்த குட்டைப் பினியனைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதன் செலவைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்பதில் அப்பாவும் மகனும் ஒரே கட்சி. "அது நம்ம படிப்புச் செலவு" என்று பாய் அந்தக் கவரைத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார். 2824-2 என்றைக்காவது வரும்.

கடையில் மாறியது

ஏஐ கருவியைக் கடையில் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. எந்த வேலைக்கு என்பதுதான் மாறியிருக்கிறது. மெஷினைப் படம் எடுப்பதற்கு முன் டயல் பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, பேலன்ஸுக்கு அடியில் உள்ள முத்திரை பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, வெர்னியர் வைத்த விட்டம் ஒன்று என்று எடுத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். இது எந்த மெஷின் என்று கேட்டு விடுவதில்லை; எந்த மெஷின்களாக இருக்கலாம், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கருவி கொடுக்கும் வணிக எண்ணை வைத்து எதையும் வாங்குவதில்லை.

எல்லாப் பாகத்துக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெயின் ஸ்பிரிங்குக்கு மெஷின் எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அகலம், கனம், நீளம், அது சுருண்டிருக்கும் பீப்பாயின் உள்விட்டம் இந்த நான்கையும், முனை எப்படி மாட்டுகிறது என்பதையும் சொன்னால் போதும். சாவித்தண்டு ஓரளவு வெட்டி ராவிப் பொருத்தலாம். மரை அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். மெஷினுக்கு மெஷின் வடிவம் மாறுபவைதான் வம்பு, குறிப்பாகச் சாவி இழுத்தால் நிற்கும் இடத்தைப் பிடித்துவைக்கும் 445 ஸ்பிரிங். முத்திரை இல்லாத பழைய சுவிஸ் மெஷின்களை அந்த ஸ்பிரிங்கும் பக்கத்து லீவர்களும் இருக்கும் வடிவத்தை வைத்தே அடையாளம் காணும்படி பழைய பாக அட்டவணைகளைத் தயாரித்திருக்கிறார்கள். பெஸ்ட்ஃபிட் அட்டவணை அப்படிப்பட்டது. அதில் உள்ள கோட்டுப் படத்தோடு நம் மெஷினின் படத்தை ஒப்பிடும் வேலையைக் கருவிக்குக் கொடுத்துப் பார்த்தோம். நம்பும்படி இல்லை. ஒரு வளைவு உள்ளே திரும்புகிறதா வெளியே திரும்புகிறதா என்பதை அது தாண்டிப் போய்விடுகிறது, அடையாளமே அந்த வளைவில்தான் இருக்கிறது.

எச்எம்டி வந்தால் போனையே எடுப்பதில்லை. ஜனதாவோ பைலட்டோ எதுவானாலும், ஓடாத பழைய மெஷின்கள் பாயின் டப்பாவில் இருக்கின்றன. அதிலிருந்து கழற்றிப் போடுவதுதான் வேகம்.

மகன் இப்போது கருவியை அதிகம் பயன்படுத்துவது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சுக்குத்தான். மியோட்டா 2035 போன்ற மெஷின்களில் எண் தெளிவாக அச்சிட்டிருக்கும், பாகம் பாகமாக மாற்றாமல் முழு மெஷினையே மாற்றுவதுதான் வழக்கம். அதனால் ஒரு படத்தில் வேலை முடிகிறது. போன வாரம் அப்படி ஒன்றுக்குச் சென்னைக்குப் போன் போட்டார். எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள், முள் உயரம் இவ்வளவு என்று அவரே அளந்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டார்.